கிராஃபீன் பங்கு வைத்திருப்பவர்கள் டன் கணக்கைக் கேட்க வேண்டும்

மான்ட்ரியலைச் சேர்ந்த நானோஎக்ஸ்ப்ளோர் நிறுவனத்தின் பங்குகளைக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். டொரொண்டோ சந்தையில் அதன் குறியீடே ஜி.ஆர்.ஏ. கிராஃபீன் என்பது பிளாஸ்டிக் போன்றவற்றை வலுவாக்கக் கலக்கும், மிக மிக மெல்லிய கார்பன் ஏடு. ஆண்டுக்கு 4,000 டன் கிராஃபீன் தூள் தயாரிக்கக்கூடிய ஆலை அதனிடம் இருக்கிறது. ஆனாலும் அதற்கு வரும் பணத்தில் பெரும்பகுதி அந்தத் தூளை விற்று வருவதல்ல. பங்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

2022 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் சுமார் 9.3 கோடி கனடா டாலர். 2024இல் சுமார் 13 கோடி. 2025இலும் ஏறத்தாழ அதே அளவுதான். பார்க்க நல்ல எண்கள். ஆனால் 2019இல் கியூபெக்கின் சிக்மா நிறுவனத்தை வாங்கியதிலிருந்து, லாரி, பேருந்துகளுக்கான கலப்புப் பொருள் (இழை சேர்த்து வலுவாக்கிய பிளாஸ்டிக்) பாகங்கள்தான் இதன் முதன்மை வியாபாரம். அதாவது வருவாய் ஏறுவதும் இறங்குவதும் வட அமெரிக்காவில் எத்தனை லாரி விற்கிறது என்பதைப் பொறுத்தது. 2025இல் லாரிச் சந்தை மந்தமாக இருந்தது. நவம்பரில் கனரக லாரி இறக்குமதிக்கு அமெரிக்கா 25 சதவீத வரி வேறு போட்டது. இந்த நிலையில் பங்கு விலை இறங்கினால் அதைக் கிராஃபீனின் தோல்வி என்று சொல்ல முடியாது. ஏறினாலும் கிராஃபீன் வென்றுவிட்டது என்று கொண்டாட முடியாது.

சரி, கிராஃபீனுக்கு வருவோம். இந்தத் துறையில் செய்திக்குப் பஞ்சமே இல்லை. 2018இல் ஃபோர்டு, எஃப்-150, மஸ்டாங் வண்டிகளின் எஞ்சின் பகுதி நுரைப் பாகங்களில் கிராஃபீன் சேர்க்கப்போவதாக அறிவித்தது. கிராஃபீனைக் கொடுத்தது மிச்சிகனில் இருந்த எக்ஸ்ஜி சயன்சஸ். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கிடைத்தும் அந்த நிறுவனம் தாக்குப்பிடிக்கவில்லை. 2022இல் அதன் சொத்துகளை வெறும் 30 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொண்டது இதே நானோஎக்ஸ்ப்ளோர்தான்.

ஃபோர்டு சேர்த்த அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. கிராஃபீன் சாம்பாரில் பெருங்காயம் மாதிரி, ஒரு சிட்டிகை போதும். அதுதான் அதன் பெருமை. விற்பவனுக்கு அதுவேதான் சிக்கலும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காரில் 2 கிலோ நுரைப் பாகம், அதில் அரை சதவீதம் கிராஃபீன் என்றால் 10 கிராம். பத்து லட்சம் கார்களுக்குச் சேர்த்தாலும் 10 டன்தான். கிலோ 20 டாலர் என்று வைத்தால் மொத்த விற்பனை 2 லட்சம் டாலர். பத்து லட்சம் கார்களில் எங்கள் பொருள் என்ற தலைப்புச் செய்தியின் பின்னால் இவ்வளவு சிறிய தொகை இருக்கலாம்.

அதே கணக்கை நானோஎக்ஸ்ப்ளோருக்கும் போடலாம். 4,000 டன்னும் விற்றுத் தீர்ந்து, கிலோவுக்குச் சராசரியாக 10 டாலர் கிடைத்தால் 4 கோடி டாலர். விலை என் அனுமானம்தான். ஆனால் இதை வெகுவாக உயர்த்தவும் முடியாது. பிளாஸ்டிக்கில் இது போட்டி போட வேண்டியது கிலோ ஓரிரு டாலருக்குக் கிடைக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளோடு. ஆக, ஆலை முழுத் திறனில் ஓடினாலும் இன்றைய பாக வியாபாரத்தைத் தூள் உடனே முந்திவிடாது. ஆனால் லாப விகிதம் வேறாக இருக்கும் என்று நம்புகிறேன். பங்கை விற்காமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருவது எண்ணெய்க் கிணறுகள். 2025இல் செவ்ரான் பிலிப்ஸ் கெமிக்கல் நிறுவனத்தோடு பல ஆண்டு விநியோக ஒப்பந்தம் போட்டார்கள். நானோஎக்ஸ்ப்ளோர் கொடுப்பது, கிணறு தோண்டும்போது பயன்படும் திரவத்தில் உராய்வைக் குறைக்கக் கலக்கும் கார்பன் தூள். லாரிப் பாகத்தை ஒருமுறை மாட்டினால் வண்டியின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். துளையிடும் திரவம் அப்படியல்ல, தோண்டத் தோண்டத் தீரும், மறுபடி வாங்கியே ஆக வேண்டும். ஃபோர்டு மாதிரியான பத்து அறிவிப்புகளை விட இப்படி ஒரு வாடிக்கையாளர் மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் மாதிரிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. அந்த அவநம்பிக்கை இன்னும் முழுதாகப் போகவில்லை. வாகன நிறுவனங்கள் ஒரு புதுப் பொருளை ஏற்க ஆண்டுக்கணக்கில் சோதிப்பதில் வியப்பு இல்லை.

என் கோரிக்கை எளிமையானது. கிராஃபீன், பிளாஸ்டிக், பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே பிரிவாகக் காட்டாமல், தூள் எத்தனை டன் போனது, அதில் எவ்வளவு பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வாங்கியது என்று தனியாகச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற சிறு முதலீட்டாளர்களுக்கு ஆலைக்குள் போய்ப் பார்க்கும் வசதி இல்லை, காலாண்டு அறிக்கைதான் கதி. அந்த எண் வரும்வரை இருப்பதை வைத்திருப்பேன், புதிதாக ஒரு பங்குகூட வாங்க மாட்டேன்.