கீழடிப் பானை ஓட்டுக்குக் கார்பன் சோதனையா? பரவும் செய்தியும் உண்மையும்

"கீழடியில் கிடைத்த பானை ஓட்டைக் கார்பன் சோதனை செய்தார்கள், வயது 2600 ஆண்டுகள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காலம் ஏறத்தாழ சரிதான். ஆனால் சோதித்தது ஓட்டை அல்ல.

கார்பன் சோதனை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மரம், விதை, எலும்பு போன்றவற்றுக்குத்தான். களிமண் அப்படிப்பட்டதல்ல. கீழடியில் மண்ணடுக்குகளிலிருந்து எடுத்த கரிம மாதிரிகளை அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குத்தான் கி.மு. 580 என்ற காலம் வந்தது. அதே அடுக்கில் கிடைக்கும் ஓடுகளுக்கும் அதை வைத்தே காலம் சொல்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் இதைப் பார்க்கலாம்.

ஓட்டில் ஒட்டிய கரி, தீய்ந்த உணவு, மண்ணோடு கலந்த உமி இருந்தால் அவற்றைக் கார்பன் முறையில் சோதிக்கலாம். சுட்ட மண்ணுக்கே காலம் அறிய வெப்ப ஒளிர்வு முறை தனியாக உண்டு. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும். சூளை வெப்பத்தில் பழைய சேமிப்பு அழிந்துவிடும், அப்புறம் புதுக்கணக்கு. ஆய்வகத்தில் மறுபடி சூடாக்கினால் சேர்ந்த ஆற்றல் மங்கிய ஒளியாக வெளிவரும், அதை அளந்து வயதைக் கணிக்கிறார்கள். எவ்வளவு அழகான அறிவியல்!

கீழடியின் பழமைக்கு உண்மையான சான்றே போதும். தவறான விவரம் போனால், மறுக்க நினைப்பவர்களுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.