ரோஜர் மாரிஸ் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்ததே இல்லை

"1961-ல் மாரிஸ் அடித்த 61 ஹோம் ரன்களுக்குப் பதிவேட்டில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டார்கள்" என்று அமெரிக்க பேஸ்பால் வீரர் ரோஜர் மாரிஸைப் பற்றி ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஹோம் ரன் என்றால், பந்தை அடித்துவிட்டு எல்லா முனைகளையும் சுற்றி ஓடி ஓட்டம் எடுப்பது, பெரும்பாலும் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து. நட்சத்திரக் குறி என்றால், இது முழுச் சாதனை இல்லை என்று காட்டும் அடையாளம். தவறு. அப்படி ஒரு குறி எங்கேயும் அச்சாகவே இல்லை.

நடந்தது இதுதான். அதுவரை ஒரு சீசனின் சாதனையை வைத்திருந்த பேப் ரூத் 1927-ல் 60 அடித்தபோது சீசனுக்கு 154 ஆட்டங்கள். 1961-ல் மாரிஸ் ஆடிய போட்டித் தொடரான அமெரிக்கன் லீக் அதை 162 ஆக்கியது. அந்த ஜூலையில் பேஸ்பால் நிர்வாகத் தலைவரான கமிஷனர் ஃபோர்டு ஃபிரிக், 154 ஆட்டங்களுக்குள் ரூத்தைத் தாண்டாவிட்டால் இரண்டு சாதனைகளும் தனித்தனியாகக் குறிக்கப்படும் என்றார். இந்த ஃபிரிக் ரூத்தின் நண்பர், அவருக்காகப் பத்திரிகையில் எழுதிக் கொடுத்தவர், அதனால் எனக்கு அந்த முடிவு இன்றுவரை நியாயமாகப் படவில்லை. நட்சத்திரக் குறி என்ற பேச்சைக் கிளப்பியது ஒரு பத்திரிகையாளர்.

அழுத்தம் தாங்காமல் மாரிஸுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அக்டோபர் 1, கடைசி ஆட்டம், டிரேசி ஸ்டாலர்டு வீசிய பந்தை வலப்பக்க ரசிகர் வரிசைக்குள் அடித்து 61-ஐ எட்டியபோது யாங்கி ஸ்டேடியத்தில் பாதி இருக்கைகூட நிரம்பவில்லை. அப்புறம் 1991-ல் ஒரு குழு அந்தத் தனிக் குறிப்பையும் நீக்கி, சாதனை மாரிஸுடையது மட்டுமே என்றது. அவர் 1985-லேயே இறந்துவிட்டார்.