சாமைத் தூக்கிவந்த ஷேர் சிங்

சாம் மானெக்‌ஷா என்றதும் நமக்கெல்லாம் ராணுவத் தளபதியாக அவர் வென்ற 1971 டிசம்பர் பாகிஸ்தான் போரும் அந்த மீசையும்தான் நினைவுக்கு வரும். அவர் வெலிங்டனில் கண்மூடிய ஜூன் 27 வந்தால் அதே படங்கள் மறுபடி சுற்றுக்கு வரும். சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அந்த ஃபீல்டு மார்ஷலைவிட, பர்மாக் காட்டில் ரத்தம் ஒழுகக் கிடந்த கேப்டன்தான் நெருக்கமானவர்.

1942 பிப்ரவரி 22. ஜப்பானியர் துரத்திவர, நம் சிப்பாய்கள் நிறைந்த பிரிட்டிஷ் இந்தியப் படை சிட்டாங் ஆற்றைத் தாண்டப் பார்க்கிறது. தாண்டுவதற்கு இருப்பதோ ஒரே ஒரு ரயில் பாலம். அதைப் பார்த்தபடி நிற்கும் பகோடா குன்று எதிரியிடம் போய்விட்டது. அதை மீட்க ஏறிய கம்பெனி என்ற சிறு படைப்பிரிவுக்கு சாம்தான் தலைமை. அவருக்கு 28 வயது நிறையவே இன்னும் நாற்பது நாள் இருந்தது. கம்பெனியில் பலர் விழுந்தும் குன்றைப் பிடித்தார்கள். அப்புறம்தான் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் உடம்பில் இறங்கின.

பின்னாளில் 17ஆவது டிவிஷனுக்குத் தலைமை ஏற்ற டேவிட் கோவன் அவரைப் பார்த்தார். பிழைக்கமாட்டார் என்று தோன்றியது. இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் தருவதில்லை என்பது அன்றைய வழக்கம். கோவன் தன் சட்டையில் இருந்த அந்தப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி சாம் மேல் குத்திவிட்டார். வெள்ளை, ஊதா, வெள்ளை என்று மூன்றே பட்டை உள்ள சின்னத் துணி. சாகப்போகிறவனுக்கு உயிர் இருக்கும்போதே மரியாதை போய்ச் சேரட்டும் என்று துடித்த அந்த அவசரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, அந்த உயிரை மீட்டது யார்? ஷேர் சிங். சாமின் ஆர்டர்லி, அதாவது அதிகாரிக்கு உதவியாளாக இருக்கும் ஒரு சாதாரண சிப்பாய். அவர்தான் சாமைச் சண்டைக்களத்திலிருந்து தூக்கி வந்தார். இந்தக் காயத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்திரேலிய மருத்துவர் கைவிரித்தும், அவர் விடாமல் மல்லுக்கு நின்று சிகிச்சை செய்ய வைத்தார் என்று சொல்வார்கள். நினைவு திரும்பிய சாம், என்ன ஆச்சு என்று கேட்ட மருத்துவரிடம் கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று சொன்ன கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஷேர் சிங் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

மறுநாள் விடியலில் அந்தப் பாலத்தை நம் படையே தகர்த்தது. ஆயிரக்கணக்கானோர் இன்னும் அக்கரையில் நின்றார்கள். அப்படிப்பட்ட குழப்பத்துக்கு நடுவில்தான் ஒருவர் இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது எத்தனை பெரிய காரியம் என்பது, அதே ஆண்டு பர்மாவிலிருந்து முடியாதவர்களைச் சுமந்துகொண்டு காடும் மலையுமாக நடந்துவந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும்.

அந்தக் கேப்டன் அதன்பிறகு 66 ஆண்டுகள் வாழ்ந்தார். ஊட்டியில் மனைவி சில்லூவின் பக்கத்தில் உறங்குகிறார். அடுத்த ஜூனில் அவர் படத்தைப் பகிரும்போது, கீழே ஷேர் சிங் பெயரையும் ஒரு வரி எழுதுங்கள்.