ரோடு ஏறுகிறது, வீடு இறங்குகிறது

மறுபடியும் சுரண்டாமல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழைய தார் அப்படியே கிடக்க, அதன் தலைமேலேயே புதுத் தார். எல்லோரும் படுத்த பிறகு டிப்பர் லாரி வந்தது. விடிந்து பார்த்தால் தெரு உயர்ந்திருக்கிறது, எங்கள் வாசல் தாழ்ந்திருக்கிறது. சென்னையில் மேற்கு மாம்பலமோ வேளச்சேரியோ கொளத்தூரோ, தரைத்தளத்தில் குடியிருக்கிற யாருக்கும் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வயிற்றெரிச்சல் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

வேலை எந்த அலுவலகத்துடையது, ஒப்பந்தக்காரர் யார் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. இந்த ஊரில் ரோட்டைத் தொடுகிற துறை ஒன்றா இரண்டா? சில சாலைகள் மாநகராட்சியிடம், சில நெடுஞ்சாலைத் துறையிடம். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்திடம். கேபிள் மின்வாரியத்திடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், அந்த வடிகால் போய்ச் சேருகிற ஆறு நீர்வளத் துறையிடம். யார் வந்து போட்டாலும், யார் வந்து தோண்டினாலும், தண்ணீர் வந்து நிற்பது எங்கள் கூடத்தில்.

அன்று ராத்திரி சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தெருமுனையிலிருந்து தார் பரப்புகிற பேவர் மெஷின் மெதுவாக வந்துகொண்டிருந்தது, பின்னால் ரோலர். வேலை செய்த பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்போடு நின்று கரண்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுக்காதது தனி அநியாயம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். சூப்பர்வைசர் என்று ஒருவர் பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

“பழைய ரோட்டைச் சுரண்டலையா?”

“மில்லிங்லாம் இதுல கிடையாது சார்.”

“ஏன் கிடையாது?”

“குறுகலான தெரு. மெஷின் உள்ள வராது.”

டிப்பர் வந்திருக்கிறது. பேவர் வந்திருக்கிறது. ரோலர் வந்திருக்கிறது. சுரண்டுகிற மெஷினுக்கு மட்டும் வழி இல்லையா? அதையே அவரிடம் கேட்டேன். உடனே பேச்சை மாற்றினார். எஸ்டிமேட்டில் இல்லை என்றார். எஸ்டிமேட்டைக் காட்டுங்கள் என்றேன். ஆபீசில் இருக்கிறது என்றார். ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், எங்கே என்றேன். காலையில் வருவார் என்றார். காலையில் வந்து எதைப் பார்ப்பார்? தார் ஆறி இறுகிய பிறகு அடியில் சுரண்டியிருக்கிறதா இல்லையா என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? பார்க்க வேண்டியவர் பார்க்க வேண்டிய நேரத்தில் இல்லை. வேலையைப் பகலில் வைக்க முடியாது, போக்குவரத்து இருக்கிறது, சரி. ராத்திரி வேலை என்றால் ராத்திரி வந்து நிற்பதுதானே மேற்பார்வை?

அதற்குள் எதிர்வீட்டு மாமி வந்துவிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர். அவர் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டுக்கு ஏறிப் போக நான்கு படி. இப்போது இறங்கிப் போக ஒரு படி. மழைக்காலத்தில் வாசலில் மண்மூட்டை அடுக்கி, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, நிலைப்படிக்கு முன்னால் செங்கல் வைத்து ஒரு குட்டிச்சுவர் எழுப்பி, அந்தச் சுவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காத வயதில் தினமும் அந்தச் சுவரைத் தாண்டுகிறார். அவர் சூப்பர்வைசரிடம் சண்டைகூடப் போடவில்லை. “ஏம்ப்பா, எங்காத்துக்குள்ள தண்ணி வந்தா நீ வந்து எறைப்பியா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அந்த ஆள் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. “ரோடு வேணுமா வேணாமா, சொல்லுங்கம்மா. வேணாம்னா எழுதிக் கொடுங்க, இப்பவே நிறுத்திடுறேன்.”

வேணுமா வேணாமா. ஒரு வார்த்தையில் எங்கள் எல்லோரையும் யாசகர் ஆக்கிவிட்டார். தெருவில் நின்றிருந்த பாதிப் பேர் அப்படியே அடங்கிப்போனார்கள், “போட்டுட்டுப் போகட்டும் விடுங்க சார், அப்புறம் குண்டும் குழியுமா நிக்கும்” என்று என்னையே சமாதானம் செய்தார்கள். எத்தனையோ காலம் குழியில் வண்டி ஓட்டியவர்கள், அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மிரட்டல் எந்த ஊர் நியாயம்? ரோடும் வேண்டும், அது எங்கள் வாசலுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் ரோடு. கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க இது என்ன இலவசமா? வரி கட்டுகிறோம். 2022-இல் பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே சொத்து வரியை 50 சதவீதம் ஏற்றினார்கள், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 சதவீதம். அதையும் கட்டினோம். கட்டியவனிடம் வந்து வேணுமா வேணாமா என்று கேட்க யார் துணிச்சல் கொடுத்தது?

சுரண்டச் சொல்வது ஏதோ எங்கள் தெருக்காரர்களின் விபரீத ஆசை இல்லை. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதற்கென்றே அறிவுறுத்தல் அனுப்பினார். பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது, வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது. பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டன. அப்போது நானும் மாமியிடம் போய் “இனிமே கவலை இல்லை மாமி” என்று சொன்னேன். நல்ல உத்தரவு. அது கோட்டையிலிருந்து கிளம்பி எங்கள் தெருமுனைக்கு ஒரு ராத்திரியாவது வந்து நின்றிருந்தால் போதும்.

இந்த ஊரின் தரையைப் பற்றி ரோடு போடுகிறவர்களுக்குத் தெரியாதா? சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். இங்கே தண்ணீர் ஓடுவதே சில அங்குலச் சரிவை நம்பித்தான். வீட்டிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து கால்வாய்க்கு, அங்கிருந்து அடையாற்றுக்கோ கூவத்துக்கோ. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியைத் தலைகீழாக்கிவிட்டு, கடைசிக் கண்ணியில் கோடி கோடியாகச் செலவழித்து என்ன பயன்? அதிலும் எங்கள் மேற்கு மாம்பலம் பக்கம் எப்படிப்பட்ட இடம்! ரயில் பாதைக்கு அந்தண்டை இருக்கும் தி.நகர் 1920-களில் பெரிய ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை. ஏரி போய்விட்டது, தண்ணீருக்கு வழி மறக்கவில்லை. 2015 டிசம்பரில் வந்தது, 2021 நவம்பரில் வந்தது, 2023-இல் மிக்ஜாம் புயலோடு வந்தது. ஒவ்வொரு தடவையும் படகு, சாப்பாட்டுப் பொட்டலம், ஆறுதல், அறிக்கை. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், அவர்களும் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்து 2023-இல் அறிக்கை கொடுத்தார்கள். பெரிய பெரிய நிபுணர்கள். அவர்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தெருவின் மட்டத்தைக் காப்பாற்ற நிபுணர் குழு தேவையில்லை. கையில் ஒரு மட்டப்பலகையும் மனதில் கொஞ்சம் அக்கறையும் உள்ள ஒரே ஓர் ஓவர்சீயர் போதும்.

தண்ணீர் உள்ளே வருவது என்றால் தரை நனைவது என்று நினைக்காதீர்கள். எங்கள் வீடுகளில் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி வாசலை ஒட்டி இருக்கிறது. தெரு உயர்ந்தால் மழைத் தண்ணீர் முதலில் சம்புக்குள்தான் இறங்கும். மழைநீரோடு சாக்கடையும் பொங்கி வரும். அப்புறம் குடிக்க, குளிக்க, பாத்திரம் துலக்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர். சம்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி தண்ணீர் பிடிப்பதற்குள் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். மீட்டர் பெட்டி தரைத்தளத்தில். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோவின் அடித்தட்டில் இருக்கிற பத்திரங்கள். இதற்கெல்லாம் எந்த எஸ்டிமேட்டில் இடம்?

வசதியுள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். ஆமாம், முழு வீட்டையும். அஸ்திவாரத்தை ஒட்டி வரிசையாக ஜாக்கிகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அடியில் புதிதாகச் சுவர் கட்டுகிறார்கள். பல லட்சம் ஆகும். ரிட்டயர் ஆன பணத்தை அதில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தூக்கிய வீட்டையும் ரோடு ஒருநாள் எட்டிப்பிடிக்கத்தான் போகிறது. இன்னும் சிலர் இடித்துவிட்டு பிளாட் கட்டக் கொடுத்துவிட்டார்கள், கீழே கார் நிறுத்தம், மேலே வீடு. வாடகைக்குக் கீழ் போர்ஷனில் இருப்பவன் என்ன செய்வான்? தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரர் எந்த ஜாக்கியை வாங்குவார்? தெருவிலேயே தாழ்வான இடம் அவருடையது. நாங்கள் வாசலில் மண்மூட்டை அடுக்கித் தள்ளுகிற தண்ணீரும் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. அதை நினைத்தால் அந்த மூட்டையை அடுக்கவே கை வரமாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் புகார் பதிவு செய்தேன். படம் எடுத்து, பழைய ரோட்டின் விளிம்பையும் புதிய ரோட்டின் கனத்தையும் ஸ்கேல் வைத்துக் காட்டி, “சுரண்டாமல் சாலை போடப்பட்டுள்ளது, மட்டம் உயர்ந்துவிட்டது, வீடுகளுக்குள் தண்ணீர் வரும்” என்று தெளிவாக எழுதினேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. புகார் முடித்து வைக்கப்பட்டது. காரணம்: “சாலை அமைக்கப்பட்டுவிட்டது.”

திரும்பத் திரும்பப் படித்தேன். ரோடு போட்ட விதம்தான் புகார். ரோடு போட்டாயிற்று என்பது அதற்குப் பதில். படிக்கவே இல்லை. படித்துவிட்டு மறுத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் பணிவாகப் பேசினார், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. “சார், ரோடு போட்டாச்சுன்னு போட்டோ அப்லோட் பண்ணிருக்காங்க சார், அதனால க்ளோஸ் ஆயிடுச்சு” என்றார். புதுத் தாரின் பளபளப்புதான் அந்தப் போட்டோவில் இருக்கிறது. மாமியின் படி அதில் இல்லை. மறுபடி திறக்க முடியுமா என்றேன். புதிதாகப் புகார் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அதுவும் அதே பதிலோடு மூடப்பட்டுவிட்டது.

கவுன்சிலரைப் பார்க்கலாமே என்பீர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை இந்த ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது என்பது நினைவிருக்கிறதா? 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, நாட்டிலேயே பழையது என்று பெருமை பேசுகிறோம். அந்த மாநகராட்சியில் ஐந்து வருஷத்துக்கும் மேல் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல் தனி அலுவலரை வைத்தே ஓட்டினார்கள். ஒரு கட்சி ஆட்சியில் தேர்தல் நின்றது, வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்தது. யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. 2022 தேர்தலில் 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள், மேயரும் வந்தார். ஆனால் கோப்பில் கையெழுத்துப் போடுகிற ஆணையரை நியமிப்பது மாநில அரசு. குடிநீர் வாரியமும் மின்வாரியமும் கவுன்சிலருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இல்லை. நாம் ஓட்டுப் போட்டவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவரை நாம் ராத்திரியில் பார்க்கவே முடியாது. நடுவில் பைக்கில் சாய்ந்துகொண்டு ஒருவர் நம்மிடம் வேணுமா வேணாமா என்று கேட்கிறார்.

இன்னும் முடியவில்லை. தார் போட்ட வேகத்தில் சாக்கடை மேன்ஹோல் மூடிகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். இனி எங்காவது அடைத்துக்கொண்டால் இன்னொரு துறை வந்து கடப்பாரையால் அங்கங்கே தட்டிப் பார்த்து, மூடி எங்கே என்று தேடி, புது ரோட்டைக் கொத்தும். கொத்திய இடத்தில் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகும். மழையில் அந்த மண் இறங்கும். ஏதோ ஒரு பெண் ஸ்கூட்டரில் குழந்தையோடு போகும்போது அந்தக் குழிக்குள் சக்கரம் இறங்கும். இது ஜோசியம் இல்லை, பக்கத்துத் தெருவில் போன மழைக்கு நடந்தது.

மேன்ஹோல் மூடியைத் தேட ஆள் வந்தாலும் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது, அது வேறு. புதிதாக வைத்த பெயர்ப் பலகையில் தெருவின் பெயர் தெரிகிறதா? ஒரு ஓரத்தில் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் காதணி விழா, அதன் மேல் ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் மேல் பைல்ஸ் டாக்டர் நோட்டீஸ். போன வாரம் மாமிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆம்புலன்ஸ் டிரைவர் தெருப் பெயர் தெரியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்கிறார். ஓடிப்போய்க் கையைக் காட்டி அழைத்து வந்தேன். போஸ்டர் ஒட்ட இந்த ஊரில் வேறு சுவரே இல்லையா?