ராசாத்தி

பன்றி மனிதரிடம் பாசமாக இருக்கும் என்றால் சிரிப்பு வருகிறது, இல்லையா? "தீனி போட்டா எதுவும்தான் பின்னாடி வரும்" என்று ஒரு நண்பர் நேற்றுகூடச் சொன்னார். அப்போது பதில் வாயில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் என் பெரியப்பா சின்னதாக வெண்பன்றிப் பண்ணை வைத்திருந்தார். இருபது உருப்படி இருக்கும். அதில் பெயர் உள்ளது ஒன்றுதான், ராசாத்தி. லீவில் போனால் ஓட்டல் மிச்சம் நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. தின்பாள், தின்று முடித்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். வெறுங்கையோடு வரும் பெரியப்பாவின் மொபெட் சத்தம் கேட்டால்தான் தடுப்புச் சுவரோரம் ஓடிவந்து, கொர் கொர்ரென்று அடிக்குரலில் ஏதோ பேசத் தொடங்குவாள். காதுக்குப் பின்னால் அவர் சொறிந்துவிட்டால் போதும், கால் தளர்ந்து தொப்பென்று சாய்ந்து வயிற்றைக் காட்டுவாள். தீனி போட்டவன் நான், சாய்ந்தது அவரிடம்!

நாயோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹங்கேரியில் புடாபெஸ்டின் எட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில், வீட்டில் வளர்ந்த குட்டைப் பன்றிகளையும் நாய்களையும் வைத்து ஒரு சோதனை. 2020இல் முடிவு வெளியானது. தீனி இருக்கும் பெட்டியை முதலில் திறக்க முடிகிற மாதிரி வைக்கிறார்கள், அப்புறம் திறக்கவே முடியாதபடி மூடிவிடுகிறார்கள். நாய் கொஞ்சம் முயன்றுவிட்டு, 'நீதான் ஏதாவது செய்யேன்' என்பதுபோல மனிதரைத் திரும்பிப் பார்க்கிறது. பன்றி அவ்வளவாக மனிதரைப் பார்ப்பதில்லை, தானே மூக்கால் முட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெட்டியில் தீனியே இல்லாதபோது, இரண்டும் மனிதரிடம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வந்து பழகின.

நாய்க்குத்தான் நம்மேல் பிரியம் அதிகம் என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரியத்துக்கு நம்மை எதிர்பார்க்காத ஒன்று, காரியம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் வந்து படுக்கிறதே, அதற்கு வேறு என்ன பெயர்? நம் கையை எதிர்பார்த்து நிற்பதைத்தான் நாம் பாசம் என்று பழகிவிட்டோம்.

அதற்காக உடனே ஒரு குட்டியை வாங்கி அபார்ட்மெண்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். கனடாவில் ஸ்டீவ் ஜென்கின்ஸ் 2012இல் குட்டை இனம் என்று நம்பித்தான் எஸ்தரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது சாதாரணப் பண்ணைப் பன்றி. வளர்ந்து வளர்ந்து 290 கிலோவைத் தாண்டியது. திருப்பிக் கொடுக்க அவருக்கும் துணைவர் டெரெக் வால்டருக்கும் மனம் வரவில்லை. ஊரை விட்டுப் பண்ணைக்கே குடிபோனார்கள். 2023இல் எஸ்தர் இறக்கும்வரை கூடவே இருந்தார்கள். எல்லோராலும் அது முடியாது. சும்மா இருக்கிற பன்றி தோட்டத்தை உழுதுவிடும், மூக்கு நுழைகிற கதவை எல்லாம் திறந்துவிடும்.

நம் ஊரில் 'பன்னி' என்பது வசவு. பன்றி வளர்ப்பவரையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் இழிவுபடுத்துகிறது. இத்தனைக்கும் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று திருவிளையாடற் புராணத்தில் தனிப் படலமே வைத்துக் கொண்டாடுகிறோம். மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பா மற்றதையெல்லாம் கறிக்கு விற்றவர்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ராசாத்தியை ஏன் விற்கவில்லை என்று கேட்டால், "ஈத்துக்குப் பத்துக் குட்டி போடறா, எதுக்கு விக்கோணும்?" என்பார். அவள் குட்டி போடுவது நின்று மூன்று வருஷம் ஆன பிறகும் அதே பதில்தான்.