திட்டமே இல்லை என்று ஜோக்கர் சொன்னான், நாமும் நம்பினோம்

சென்ற வாரம் அக்கா மகனோடு உட்கார்ந்து 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்தை மீண்டும் பார்த்தேன். அதன் வில்லன் ஜோக்கர் செவிலியர் உடையில் மருத்துவமனையை விட்டு வெளியே நடந்து வருகிறான். பின்னால் வெடித்துக்கொண்டிருந்த கட்டடம் திடீரென்று அடங்கிவிடுகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான், கையிலிருக்கும் ரிமோட்டைத் தட்டிப் பார்க்கிறான், மறுபடியும் அழுத்துகிறான். அங்கே படத்தை நிறுத்திய மருமகன், "மாமா, இது ஸ்கிரிப்ட்லயே கிடையாது, தெரியுமா? வெடி நிஜமாவே சொதப்பிடுச்சு. லெட்ஜர் அப்படியே சமாளிச்சிட்டார்" என்றான். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரைத்தான் சொன்னான். அவன் பிறப்பதற்கு முன்பு, 2008இல் வந்த படம் அது. இருந்தும், படத்தோடு சேர்த்தே இந்தக் கதையும் அவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. சிகாகோவில் மூடிக்கிடந்த பழைய மிட்டாய்த் தொழிற்சாலையின் ஒரு கட்டடத்தைத்தான் மருத்துவமனையாக மாற்றி வெடிக்க வைத்தார்கள். அந்த இடைவெளி முன்கூட்டியே திட்டமிட்டு ஒத்திகை பார்க்கப்பட்டது. ஒரு கட்டடத்தை ஒருமுறைதான் தகர்க்க முடியும். அதன் முன்னால் ஒரு நடிகரை நடக்கவிட்டுவிட்டு, என்ன நடக்கிறதோ நடக்கட்டும் என்று கேமராவை ஓடவிட எந்தப் படக்குழுவும் துணியாது. இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிப்போனது. அந்த வாட்டத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் இந்த ரசிகர் கூட்டத்தின் பழைய கணக்கு ஒன்று. 2006இல் ஜோக்கராக ஹீத் லெட்ஜர் நடிக்கிறார் என்று அறிவித்தபோது, இணையத்தில் பேட்மேன் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். 'ப்ரோக்பேக் மௌன்டன்' படத்தில் காதலில் வதைபட்ட மாடு மேய்ப்பவனாக நடித்தவர் என்பதை வைத்தே கேலி செய்தார்கள். 1988இல் மைக்கேல் கீட்டனை பேட்மேனாகத் தேர்ந்தெடுத்தபோதும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. படம் வெளிவந்ததும் அதே கூட்டம் அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. ரசிகர்கள் படங்களுக்கு மதிப்பெண் போடும் ஐஎம்டிபி இணையதளத்தின் பட்டியலில் இந்தப் படத்தை முதலிடத்தில் ஏற்றுவதற்காக 'தி காட்ஃபாதர்' படத்துக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் போட்டவர்களும் உண்டு. அந்த மல்லுக்கட்டில் கடைசியாக முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்தது 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' என்பது இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பை வரவழைக்கிறது.

சிரிக்க முடியாதது, லெட்ஜரின் மரணத்தைச் சுற்றி எழுந்த கதை. 2008 ஜனவரி 22 அன்று, படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பு, தமது 28ஆம் வயதில் அவர் நியூயார்க்கில் இறந்தார். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகள் பலவற்றின் கலவையால் தற்செயலாக நேர்ந்த மரணம் என்று மருத்துவப் பரிசோதகர் அறிவித்தார். ஆனால் ஜோக்கர் வேடம்தான் அவரைக் கொன்றது, அந்தப் பாத்திரத்துக்குள் இறங்கியவர் திரும்பி வரவேயில்லை என்ற கதைதான் இன்றும் உலவுகிறது. 'தி டார்க் நைட்' படப்பிடிப்பு முந்தைய ஆண்டே முடிந்து, இறக்கும் காலத்தில் அவர் டெர்ரி கில்லியம் இயக்கிய வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஜோக்கராக நடித்ததை அவர் மிகவும் ரசித்தார் என்று அவருடைய சகோதரியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சு எடுபடவில்லை, பேய் பிடித்த கலைஞன் என்ற கதைதான் எடுபட்டது.

லண்டனில் ஒரு விடுதி அறைக்குள் தங்கி, ஜோக்கருக்காக ஒரு நாட்குறிப்பு எழுதி, குரலையும் சிரிப்பையும் மாற்றி மாற்றிப் பழகினார் என்பது உண்மை. இதையே பைத்தியத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வீட்டுப்பாடமாகத்தான் தெரிகிறது. நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கும் அந்தப் பழக்கத்தைப் பாருங்கள். வாயோரத்தில் ஒட்டிய செயற்கைத் தழும்புகள் பேசப்பேசத் தளர்ந்துவிடும், அவற்றைச் சமாளிக்கத் தொடங்கியதுதான் அது என்று படக்குழுவில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தொல்லையைப் பாத்திரத்தின் அடையாளமாகவே மாற்றத் தெரிந்திருக்கிறது. இது சித்தம் கலங்கியவர் செய்யும் வேலையா? 2009இல் அவருக்குரிய ஆஸ்கார் விருதை அவருடைய தந்தையும் தாயும் சகோதரியும் மேடையேறிப் பெற்றுக்கொண்டார்கள். அது அவருடைய தொழில் திறமைக்குக் கொடுத்த விருது.

ஒழுங்கற்றது எதுவோ அதுதான் உண்மையானது என்ற இந்த ஆசையை நமக்குள் விதைத்தவன் ஜோக்கர்தான் என்று இப்போது தோன்றுகிறது. மருத்துவமனைக் கட்டில் அருகே உட்கார்ந்து, தன்னிடம் திட்டமே கிடையாது, தான் வண்டியைத் துரத்தும் நாய் மாதிரி என்று அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டிடம் அவன் சொல்கிறான். அந்த வசனத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இரண்டு வருடம் அவன் முகத்தையே முகப்புப் படமாக வைத்திருந்த எனக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவன் சொல்வதை விட்டுவிட்டு அவன் செய்வதை மட்டும் கவனியுங்கள். வங்கிக் கொள்ளையில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் எந்த வரிசையில் சுட வேண்டும் என்பதுவரை கணக்குப் போட்டிருக்கிறான். கடைசியில் அவன் ஓட்டிச் செல்லும் பள்ளிப் பேருந்து, சாலையில் போகும் மற்றப் பள்ளிப் பேருந்துகளின் நடுவே பிசகாமல் நுழைந்துகொள்கிறது. கைதாவதுகூட அவன் திட்டம்தான். லாக்கப்பில் இன்னொரு கைதியின் வயிற்றுக்குள் வெடிகுண்டைத் தைத்து வைத்திருக்கிறான். தழும்பு வந்த கதையை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொல்கிறான். இப்படிப்பட்டவன் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒன்றை மட்டும் மெய்யென்று எடுத்துக்கொண்டோம்.

மருமகனிடம் படத்தைத் தொடர்ந்து ஓடவிடச் சொன்னேன். இரண்டு படகுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மற்றதைத் தகர்க்கும் ரிமோட் இருக்கிறது. நள்ளிரவுக்குள் யாரும் அழுத்தாவிட்டால் இரண்டையுமே தகர்த்துவிடுவதாக ஜோக்கர் மிரட்டியிருக்கிறான். பொதுமக்கள் இருந்த படகில் வாக்கெடுப்பு நடக்கிறது, பெரும்பான்மையினர் வெடிக்கவே சொல்கிறார்கள். ஆனால் பொத்தானை அழுத்த யாருக்கும் கை வரவில்லை. அடுத்த படகில் மலைபோல் நிற்கும் கைதி ஒருவர் ரிமோட்டை வாங்கிச் சன்னல் வழியே எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். நள்ளிரவு கடந்தும் ஒன்றும் வெடிக்கவில்லை. அந்தக் கணத்தில் லெட்ஜர் பெரிதாக எதுவும் செய்வதில்லை. எதிர்பார்த்த ரயில் வராதபோது நடைமேடையில் நிற்பவர் பார்ப்பதைப் போல வெளியே பார்க்கிறார், அவ்வளவுதான்.

பிறகு, இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை என்று அலுத்துக்கொண்டே ஜோக்கர் மூன்றாவது ரிமோட் ஒன்றை வெளியே எடுக்கிறான். மருமகன் மறுபடியும் படத்தை நிறுத்தினான். "இதையும் முன்னாடியே ரெடியா வெச்சிருந்தானா மாமா?" என்று கேட்டான்.