சீகன்பால்குவைப் படுத்தியது யார்?

ஜூலை வந்தால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பற்றிய பதிவுகள் வரிசையாக வரும். 1706 ஜூலை 9ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், கூடவே சக மிஷனரி புளுட்சோ. "தமிழில் முதன்முதலில் புத்தகம் அச்சடித்தவர்" என்ற வரியும் தவறாமல் வரும். அது தப்பு. தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகம் 1578லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அவரைப் புகழ இந்தப் பொய் வேண்டியதில்லை.

யாரும் எழுதாத விஷயம், அவரை அதிகம் படுத்தியது சொந்தக் கட்சிக்காரர்கள்தான். அனுப்பியது டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக். ஆனால் தரங்கம்பாடியில் கோட்டையும் வழக்கு மன்றமும் டேனிஷ் வணிகக் கம்பெனி கையில். மதப் பிரச்சாரத்தால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் பயம்.

1708 நவம்பரில் அவர் கைதானதற்குப் பிரசங்கம்கூட காரணமில்லை, ஒரு கடன் வழக்கு! நாவிதர் ஒருவரின் விதவைக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் தகராறு. சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். டேனிஷ் தேவாலயத்தில் வைத்து கவர்னர் ஹாசியஸ் முன்னால் மண்டியிட்டுக் கேள் என்று யோசனையும் சொன்னார். ஊர் பார்க்க இப்படி நடந்தால் எந்த அதிகாரி பொறுப்பான்? சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், மறுத்தார். டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டார்.

அச்சுக்கூடத்திலும் நிம்மதியில்லை. லண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தோடு வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கூட வந்த அச்சர் இங்கே வந்து சேருமுன்பே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713ல் வந்தன, ஆனால் அளவு பெரிசு. கொம்பும் காலும் தனித்தனியாக இடம் அடைக்கிற மொழியில் எழுத்து பெருத்தால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் காகிதம் தீரும். காகிதமோ கப்பலில் வரவேண்டும். பைபிளின் புதிய ஏற்பாட்டிலிருந்து சுவிசேஷங்களும் நடபடிகளும் அந்தப் பெரிய எழுத்திலேயே 1714ல் அச்சாயின. பிறகு மிஷன் அச்சர் ஆட்லர், லண்டனிலிருந்து பாலாடைக்கட்டிக்கு உறையாக வந்த ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார். மிச்சமுள்ள புதிய ஏற்பாடு அந்த எழுத்தில்தான் 1715ல் முடிந்தது. பொறையாறில் காகித ஆலை வைக்கும் முயற்சியும் இந்தத் தட்டுப்பாட்டால் வந்ததுதான்.

கடைசிக் காலத்தில் அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. மிஷன் சபையின் செயலர் வெண்ட், ஊழியக்காரனுக்குக் கட்டடமும் சொத்தும் எதற்கு என்று கடிதத்துக்குக் கடிதம் குடைந்தார். என் பார்வையில் இது சிறையைவிடக் கொடுமை. கம்பெனி எதிரி என்பதாவது தெரிந்த விஷயம். 1718ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தவர், 1719 பிப்ரவரி 23ல், 36 வயதில் போய்ச் சேர்ந்தார்.

தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி 1713ல் ஹாலேவுக்கு அனுப்பிய நூலை, அவரை வளர்த்துவிட்ட ஹாலே குரு பிராங்கேயே அச்சிட மறுத்தார். அது வெளிவந்தது 1867ல், சென்னையில்.